எண் ஏட்டில் இருக்கட்டும்!

பிரிண்டர் இருக்கிறது, காகிதம் இருக்கிறது, மையும் இருக்கிறது. பையனின் பரீட்சை அனுமதிச் சீட்டை அச்சிட வேண்டும். காலை மணி எட்டு. கம்ப்யூட்டரோ, "பிரிண்டரைக் காணோம்" என்று கையை விரிக்கிறது! நேற்றுவரை இருந்தது எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. அதன் முகவரி எண் மாறிவிட்டது. கம்ப்யூட்டர் பழைய எண்ணிலேயே தேடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

வீட்டிலுள்ள ரௌட்டர், லாட்ஜ் குமாஸ்தாவைப் போன்றது. எந்தக் கருவி வந்து சேர்ந்தாலும் 192.168.1.2, 192.168.1.3 என்று காலியாயுள்ள எண்ணைக் கொடுத்து, தவணையும் குறித்து, ஏட்டில் பதிந்துகொள்ளும். தவணை தீர்ந்து ஆள் இல்லையென்றால் அந்த எண் வேறொரு கருவிக்குப் போகலாம். விருந்தாளிகளின் போன்களுக்கு இந்த ஏற்பாடு மிகவும் சௌகரியம். ஆனால், மற்றக் கருவிகள் தேடி வரவேண்டிய பிரிண்டருக்கும், குடும்பப் புகைப்படங்களைச் சேர்த்து வைத்திருக்கும் கம்ப்யூட்டருக்கும் நிலையான எண் இருப்பதே நியாயம்.

இங்கேதான் அநேகர் அவசரப்படுகிறார்கள். கம்ப்யூட்டரில் மனம்போன எண் ஒன்றை எழுதிவிட்டு, காரியம் முடிந்ததென்று எழுந்துவிடுகிறார்கள். குமாஸ்தாவிடம் சொல்லாமல் அறைக்குள் புகுந்த கதைதான் இது! கம்ப்யூட்டர் அணைந்திருக்கும் சமயம் பார்த்து, அதே எண்ணை ரௌட்டர் ஒரு போனுக்குக் கொடுத்துவிடலாம். மறுபடி கம்ப்யூட்டரைப் போட்டதும் ஓர் அறைக்கு இரண்டு பேர், இரண்டும் தடுமாறும். மடிக் கம்ப்யூட்டரானால் இன்னொரு தொல்லை. அந்த எண்ணோடு வேறிடம் போனால், அங்கே இணைப்பே கிடைக்காமற் போகலாம்.

ஆகவே, எண்ணை ரௌட்டரின் ஏட்டில் எழுதுவதே முறை. ஒவ்வொரு கருவிக்கும் 'மேக் முகவரி' என்ற அடையாளம் உண்டு. ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, இந்த அடையாளத்துக்கு இந்த எண் என்று ஒதுக்கிவிட்டால் போதும். கம்ப்யூட்டரில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. கேட்கும்போதெல்லாம் அதே எண் வந்து சேரும். இந்த வசதி இல்லாத ரௌட்டரானால், அது வழங்கும் வரிசைக்கு வெளியேயுள்ள எண்ணைத் தேர்ந்து கம்ப்யூட்டரில் எழுதலாம். அப்போது ரௌட்டரின் எண்ணையும் டி.என்.எஸ். எண்ணையும் பிழையின்றிக் குறிக்க வேண்டும்.

ஒரு மயக்கமும் தெளிய வேண்டும். 192.168 என்று தொடங்குபவை உள் உபயோகத்துக்கென்றே விடப்பட்ட எண்கள். 1996-ல் வகுத்த விதி அது. வெளியுலகம் அந்த எண்ணைக்கொண்டு வீட்டைத் தேடி வர இயலாது. இந்த வகை முகவரிகள் உலகம் முழுமைக்கும் சுமார் 429 கோடிதான். மையக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3-ல் தீர்ந்துவிட்டது. ஆதலால் வெளியே நிலையான முகவரி வேண்டுவோர் இணைப்புக் கம்பெனியைத்தான் கேட்க வேண்டும். பெரும்பாலும் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. உள்ளே நிலைப்படுத்துவதற்கோ காலணாச் செலவில்லை!

தானே சூட்டிக்கொண்ட எண் தகராறில் முடியும். ஏட்டில் ஏறிய எண் நிலைத்து நிற்கும். பரீட்சைக் காலையில் பரிதவிப்பதைவிட, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பத்து நிமிஷம் செலவிடுவது புத்திசாலித்தனம் அல்லவா?