லிமிடெட் எடிஷனா? பெட்டியைத் திருப்பிப் பாருங்க!

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். சின்ன வயசில் அம்மா வைத்துவிட்ட ஐடெக்ஸ் மையோடு என் கண் அலங்காரம் முடிந்துவிட்டது. பி.காம். படித்து, வங்கியில் சேர்ந்து, இருபது வருஷத்துக்கு மேல் ஊரார் கணக்கைப் பார்ப்பவன். ஐ ஷேடோ பற்றி இவன் என்ன எழுதப் போகிறான் என்று தங்கமணி ஏற்கெனவே சிரித்தாகிவிட்டது. நீங்களும் சிரித்துவிட்டு வாங்க.

கல்கத்தாவில் பூஜை நெருங்கினால் ஊரே கடையில்தான் இருக்கும். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும் மகள் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். எதற்கு என்னை என்பது பில் கவுண்டர் பக்கத்தில் புரிந்தது. கையில் ஒரு பெட்டி. 18 குட்டிக் கிண்ணம், 18 நிறம். மயில் தோகையை நறுக்கி அடுக்கின மாதிரி நிஜமாகவே அழகு. மூடியில் தங்க எழுத்தில் 'லிமிடெட் எடிஷன்'. விலை 2,999 ரூபாய்.

"இது போனா திரும்ப வராதுப்பா."

அட, இது நம்ம வசனமாச்சே! ஸ்பெஷல் டெபாசிட்டுக்கு 'கடைசித் தேதி' என்று போர்டு வைத்து, அந்தத் தேதி வந்ததும் இன்னும் மூணு மாசம் நீட்டிக்கிற கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். 'சீக்கிரம் முடிந்துவிடும்' என்பது பொருளைப் பற்றிய தகவல் அல்ல. நம்மை யோசிக்க விடாமல் செய்கிற ஏற்பாடு. கடன் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிற பழக்கத்தில் பெட்டியைத் திருப்பினேன்.

1. எடை. ஒரு கிண்ணத்தில் 0.9 கிராம். பதினெட்டுக்கும் சேர்த்து 16.2 கிராம். கிராம் 185 ரூபாய். அதே கடையில் ஒற்றை நிற டப்பா 1.5 கிராம், 450 ரூபாய். அதாவது கிராம் 300. ஆஹா, பெட்டிதான் லாபம் என்று மகள் துள்ளினாள். இரு கண்ணு, இதில் நீ நிஜமாகப் போடப் போவது எத்தனை என்றேன். விரல் விட்டு எண்ணினாள். ஐந்து. ஐந்து கிண்ணம் என்றால் 4.5 கிராம். 2,999-ஐ அதால் வகுத்தால் கிராம் 666 ரூபாய்! மீதி 13 நிறமும் எங்கள் பாஷையில் வாராக்கடன். பக்கத்திலேயே திறந்த டப்பா படம், அதற்குள் 12எம் என்று இருக்கும். திறந்த பின் 12 மாசத்துக்குள் உபயோகிக்க வேண்டும் என்று அர்த்தம். இரண்டு வருஷம் முன் இவள் வாங்கின ஒற்றை டப்பாவில் இன்னும் அடித்தகடு கண்ணில் படவில்லை. பதினெட்டை எந்தக் காலத்தில் தீர்ப்பது?

2. நம்ம நிறம். இதுதான் முக்கியம். விளம்பரப் பெண்ணின் இமையில் பார்த்து வாங்காதீங்க. மகள் என் நிறம், நல்ல மாநிறத்துக்கும் ஒரு படி மேல். புறங்கையில் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். வெளிர் ரோஸ், வெளிர் நீலம், க்ரீம் எல்லாம் திருநீறு பூசின மாதிரி சாம்பல் பூத்து நின்றது. வெளிர் நிறங்களில் வெள்ளைப் பொடி அதிகம், வேறென்ன ஆகும்? செம்பு, மயில் பச்சை, மெரூன் மாதிரி ஏழு நிறம் மட்டும் அள்ளிக்கொண்டு போனது. விற்பனைப் பெண், "உள்ளே வெள்ளையா ஒரு பேஸ் போட்டா எல்லாம் எடுக்கும்" என்றார். அதாவது கோளாறு பொடியில் இல்லை, தோலில்! எங்க காலத்தில் முகத்தை வெளுக்க க்ரீம் விற்றார்கள். 1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-ல் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. பெயர் மாறியும் இந்தப் பேச்சு போகவில்லை. 18-ல் 11 நிறம் நம்ம தோலில் எடுக்கவில்லை என்றால் ஃபெயில் ஆனது பெட்டிதான். இதைப் பெண் பிள்ளைகளிடம் வாய்விட்டுச் சொல்லுங்க.

3. பொடி எழுத்து. இரண்டு ரோஸ், ஒரு ஊதாவுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி. சில சிவப்புச் சாயங்களைக் கண் பகுதியில் போட அமெரிக்காவில் அனுமதி இல்லை, ஐரோப்பாவில் உண்டு. அதனால் 'கண்ணுக்கு அல்ல' என்று கீழே ஒரு வரி போட்டுவிட்டு, கண்ணுக்கான பெட்டியிலேயே வைத்து விற்கிறார்கள். விஷம் என்று பயப்பட வேண்டாம். ஆனால் கண் சீக்கிரம் உறுத்துகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அப்புறம் சி.ஐ. 75470 என்ற எண். இது கார்மைன், கோச்சினீல் என்ற பூச்சியிலிருந்து எடுக்கிற சிவப்பு. சைவ வீடுகளுக்குச் சொல்லி வைக்கிறேன், தங்கமணி அன்று சாயங்காலம் வீட்டிலிருந்த லிப்ஸ்டிக் எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதிப் பதிவு எண்ணும் இறக்குமதி செய்தவர் முகவரியும் இருக்கிறதா பாருங்க. இல்லாவிட்டால் எவ்வளவு மலிவானாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்க.

4. மினுமினுப்பு. பொருள் பட்டியலில் 'மைக்கா' என்று இருந்தது. அங்கேதான் நான் நின்றுவிட்டேன்.

மைக்கா என்றால் நம்ம காக்காப்பொன். அந்தத் தகட்டுத் துகளின் மேல் டைட்டானியம் டை ஆக்சைடோ இரும்பு ஆக்சைடோ பூசினால் முத்து மாதிரி, செம்பு மாதிரி மினுங்கும். மகளுக்குப் பிடித்த ஐந்தும் அந்த வகை. 2009-லிருந்து இரண்டு வருஷம் எனக்கு ஜார்க்கண்டில் கோடர்மா பக்கம் போஸ்டிங். விவித் பாரதிக்கு நேயர் விருப்பம் எழுதியே பேர் வாங்கின ஜும்ரி திலையா அந்த மாவட்டம்தான். அங்கே மண்ணே மினுங்கும். சாயங்காலம் ஷூவைக் கழற்றினால் வாசல்படி பளபளக்கும். 1980 வனச் சட்டத்துக்குப் பிறகு நிறைய சுரங்கங்கள் மூடிவிட்டன. ஜனங்கள் பழைய குழிகளிலும் மேடுகளிலும் துண்டுத் தகடு பொறுக்கி விற்பார்கள். 'டிப்ரா' என்பார்கள். அவர்கள் பணம் எடுக்க வந்து கைநாட்டு வைத்தால் சலானில் ரேகையோடு மினுமினுப்பும் ஒட்டியிருக்கும். ஒருநாள் ஒரு அம்மாவோடு எட்டு ஒன்பது வயசுப் பெண் குழந்தை வந்தது. கையால் கண்ணைக் கசக்கிக் கசக்கி இமை முழுக்க ஜிகினா. அந்தக் குழந்தைக்கு யாரும் ஐ ஷேடோ போட்டுவிடவில்லை.

2016-ல் ராய்ட்டர்ஸ் புலனாய்வு செய்து, அந்தக் குழிகளில் குழந்தைகள் இறப்பதையும் அது மறைக்கப்படுவதையும் எழுதியது. அதன்பின் 2017-ல் நிறுவனங்கள் சேர்ந்து ரெஸ்பான்சிபிள் மைக்கா இனிஷியேட்டிவ் என்று ஒன்று ஆரம்பித்தன. சில கம்பெனிகள் செயற்கை மைக்காவுக்குப் போயின. பட்டியலில் சிந்தெட்டிக் ஃப்ளோர்ஃப்ளோகோபைட் என்று வாயில் நுழையாத பெயர் இருந்தால் அதுதான். அதற்காக மைக்காவை ஒதுக்குங்க என்று நான் சொல்லமாட்டேன். பொறுக்குகிற குடும்பத்துக்கு அந்த வருமானமும் போனால் குழந்தை பள்ளிக்கூடம் போய்விடுமா? ஆனால் ஆயிரம் ரூபாய் போட்டுக் கணக்கு திறக்க வருபவரிடம் நாங்கள் கே.ஒய்.சி. கேட்டுக் குடைகிறோமே, 2,999 ரூபாய்ப் பெட்டியில் மினுங்குகிற மைக்கா எந்த ஊரிலிருந்து வந்தது என்று ஒரு வரி அச்சடிக்கக் கூடாதா? மூடியில் அத்தனை தங்க எழுத்துக்கு இடம் இருக்கிறதே.

என் தீர்ப்பு: நடனம், கல்யாண மேக்கப் என்று பலருக்குப் போட்டுவிடுகிறவர்களுக்கு இந்தப் பெட்டி சரி. தினசரி காலேஜ் போகும் பெண்ணுக்கு ஒற்றை டப்பா இரண்டு போதும். மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் செம்பும் மயில் பச்சையும் வாங்கினாள். மொத்தம் 900 ரூபாய்.

டாக்ஸியில் கோடர்மா கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அந்தக் குழந்தைக்கு நீ என்னப்பா பண்ணே?" என்றாள்.

"அவங்கம்மாவுக்கு நோ ஃப்ரில்ஸ் கணக்கு திறந்து கொடுத்தேன்."

"அதுல என்ன போட்டாங்க?"

பதில் இல்லை.

டிஸ்கி: இது ஒரு அப்பாவின் கணக்கு மட்டுமே. நிறம் தேர்ந்தெடுப்பதில் என் ருசியை நம்பி யாரும் எதுவும் வாங்கிவிடாதீங்க. பெட்டியைத் திருப்பிப் பார்ப்பதை மட்டும் விடாதீங்க.