பாண் விலை கூடியது. பேக்கரியின் முதல் எங்கே போனது?

பாண் விலை கூடும்போதெல்லாம் பேக்கரிக்காரரைத் திட்டுவது காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி எங்கும் வழக்கம். விலை கூடியும் சிறிய போறணைகள் ஏன் அணைந்தன என்று கேட்பவர் குறைவு. வணிகக் கல்வி கற்பிக்கும் ஆசிரியன் என்ற வகையில் அந்தக் கணக்கைப் பார்க்க விரும்புகிறேன்.

50 கிலோ மா மூடையொன்றில் 450 கிராம் பாண் ஏறத்தாழ 150 இறக்கலாம். 10 மூடைக்குரிய காசை முதலாக வைத்திருப்பவர், வாங்கிய விலைக்கு மேல் சிறு லாபம் வைத்து விற்கிறார். அதற்குள் மா விலை இரட்டித்தால், திரும்பி வந்த காசுக்கு 5 மூடையும் கொஞ்சமும்தான் கிடைக்கும். கொப்பியில் லாபம், களஞ்சியத்தில் பாதி!

2022 இல் நடந்தது இதுதான். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. பிரிமா ஆலை நமக்குப் பக்கத்தில், திருகோணமலையில்தான் இருக்கிறது. இருந்தென்ன, அங்கே அரைபடும் கோதுமை கப்பலில் வருவது. மாஜரின், ஈஸ்ட், சீனி எல்லாம் கூடவே ஏறின. அவ்வருடம் செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். பிறகு 2023 இல் மா விலை இறங்கியபோது, பயத்தில் கூடிய விலைக்குக் குவித்தவர்களும் அடிபட்டார்கள்.

இதில் கடன் வேறு. மா வியாபாரி கைக்காசு கேட்பார். பாண் வாங்கும் சில்லறைக் கடையோ கிழமைக்கொரு தடவைதான் கொடுக்கும். என்னைப்போன்ற சம்பளக்காரர் மாதக் கொப்பியில் எழுதி வாங்கும் பாணும் அந்தக் கடைக்காரரின் கழுத்தில்தான். இந்த இடைவெளியை நிரப்ப வட்டிக்குப் போனால் லாபம் முழுவதும் அங்கேயே போய்விடும். 2022 ஏப்ரல் 8 இல் மத்திய வங்கி தன் கடன் வட்டி வீதத்தை ஒரே நாளில் 7 புள்ளிகள் உயர்த்தி 14.5 ஆக்கியது. ஊரில் கைமாற்றுக் கொடுப்பவர் அதற்கும் மேலே கேட்பார். வட்டி ஹராம் என்று குத்பாவில் சொல்கிறோம். சரி, நாளைக் காலை போறணைக்கு மா எங்கிருந்து வரும்?

ஜமாஅத்துகள் கர்ழ் ஹஸனாவைக் காசாகக் கொடுக்காமல் மாவாகவே கொடுத்தால் என்ன? 10 மூடை கொடுத்து, தவணையில் அதே தர மா 10 மூடை திரும்பப் பெறுவது. விலை ஏறினாலும் நிதி கரையாது. விலை இறங்கினால் கடன்பட்டவருக்குச் சுமை குறையும். விலை ஏறும்போது அவர் பாண் விலையையும் உடனே கூட்ட வேண்டும் என்ற சிக்கல் உண்டு. அங்கேதான் நம்முடைய திட்டும் வந்து நிற்கும். ஃபிக்ஹ் நுணுக்கங்களை உலமாக்கள் சொல்லட்டும். மூடைக் கணக்கை எழுதிக்கொடுக்க எங்களைப்போன்ற ஆசிரியர்கள் இருக்கிறோம்.