பத்தாவது பிரிவும் பஞ்சமி நிலமும்

சட்டக் கல்லூரித் தோழர்கள் எங்களிடம் வரும்போது கையில் சொத்துரிமை மாற்றுச் சட்டம் இருக்கும். 1882-ஆம் ஆண்டுச் சட்டம். பத்தாவது பிரிவை மனப்பாடமாகச் சொல்வார்கள்: சொத்தை ஒருவருக்கு மாற்றிக்கொடுத்துவிட்டு அதை அவர் விற்கவே கூடாது என்று முற்றாகத் தடுத்தால் அந்த நிபந்தனை செல்லாது. தேர்வில் இதற்கு முழு மதிப்பெண் கிடைக்கும். எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் இதையேதான் சொல்கிறார்: "பஞ்சமி நில நிபந்தனை பத்தாவது பிரிவுப்படி செல்லாது, என் கட்சிக்காரர் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்." வகுப்பில் எழுதிய விடையும் நம் நிலத்தைப் பிடுங்கும் வாதமும் ஒன்றாக இருப்பது தற்செயல் என்று நாங்கள் நம்பவில்லை.

வகுப்பில் விட்டுப்போன பகுதியைச் சொல்கிறோம்.

1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர், பறையர் மக்களின் நிலைமை பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். நிலமில்லாததுதான் அடிமைத்தனத்தின் வேர் என்பது அதன் சாரம். 1892 செப்டம்பர் 30 அன்று வருவாய்த் துறை அரசாணை 1010 வந்தது. ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒப்படை செய்யப்பட்டது. பத்தாண்டுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கே மாற்ற முடியும். மீறினால் மாற்றம் செல்லாது, அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வெள்ளைக்காரன் நம்மேல் இரக்கப்பட்டான் என்று கதை கட்ட வேண்டாம். பசியும் கடனும் வந்தால் அந்த நிலம் யார் கைக்குப் போகும் என்று அவனுக்கும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

இனி பத்தாவது பிரிவுக்கு வருவோம். 1895-இல் வந்த அரசு மானியங்கள் சட்டத்தின் 2-ஆம் பிரிவு, அரசு வழங்கிய நிலங்களுக்குச் சொத்துரிமை மாற்றுச் சட்டம் பொருந்தாது என்றது. இனி வழங்கப்போவதற்கு மட்டுமல்ல, முன்பே வழங்கியதற்கும். 3-ஆம் பிரிவு, மானியத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதன்படியே நடக்கும் என்றது. பழைய சட்டங்களைக் கழித்துக்கட்டிய பட்டியலில் பிற்பாடு அந்தச் சட்டமும் போய்விட்டது. அதனால் ஏற்கெனவே கொடுத்த நிலத்தின் நிபந்தனை போய்விடாது. அதைக்கூட விடுங்கள். பத்தாவது பிரிவு தடுப்பது முற்றான தடையை. பத்தாண்டுக்குப் பின் ஒரு பெரிய மக்கள் கூட்டத்துக்குள் விற்கலாம் என்பது எப்படி முற்றான தடையாகும்? இந்தக் கேள்வியை வகுப்பில் எழுந்து கேளுங்கள்.

அடுத்து, தன்னிடம் இல்லாததை ஒருவர் கொடுக்க முடியாது என்ற விதி. நிபந்தனையை மீறி வாங்கியவருக்கு நல்ல உரிமை கிடைக்கவில்லை என்றால், அவரிடம் வாங்கிய மூன்றாமவருக்கும் கிடைக்காது. "பத்திரம் பதிவாகியிருக்கிறது, வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது" என்பார்கள். பதிவு செய்தால் இல்லாத உரிமை பிறந்துவிடாது. பட்டாவும் வரி கட்டுவதற்கான பதிவு, அதுவே உரிமைப் பத்திரம் அல்ல. பொது அதிகாரப் பத்திரத்தை வைத்துக் கைமாற்றியிருந்தால் 2011-இல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் காட்டுங்கள்: அதனால் உரிமை மாறாது. "தெரியாமல் வாங்கினேன்" என்பவர் 41-ஆம் பிரிவுக்குள் ஒளியப் பார்ப்பார். நியாயமான விசாரணை செய்தவருக்குத்தான் அந்தப் பிரிவு கைகொடுக்கும். சேரிக்குப் பக்கத்து நிலம், விலை பாதி, எழுதிக் கொடுத்தவர் கைநாட்டு வைத்தவர். இவ்வளவையும் பார்த்துவிட்டு ஏ பதிவேட்டைப் புரட்டாதவருக்கு அப்பாவி என்று பெயரா?

எங்கள் ஊர்ப்பக்கம் நிலம் போனதில் பாதி விற்பனையில் போகவில்லை. ஒத்தியில் போனது. மகள் கல்யாணம், மருத்துவச் செலவு, ஒரு வெற்றுத்தாளில் கைரேகை. வட்டிக்குப் பதில் அவர்கள் பயிரிட்டார்கள். தாத்தா செத்தார், அப்பா அதே வயலில் கூலிக்குப் போனார். நாற்பது வருடம் கழித்துக் கேட்டால், "எதிரிடை அனுபவம், 12 ஆண்டு தாண்டிவிட்டது, எங்களுக்கே சொந்தம்" என்கிறார்கள். தோழர்களே, இங்கே நிதானமாகப் படியுங்கள். ஒத்திக்காரர் நிலத்தில் இறங்கியது உரிமையாளரின் சம்மதத்தோடு. சம்மதத்தில் வந்த அனுபவம் வருடம் ஓடியதால் மட்டும் எதிரிடையாகிவிடாது. அனுபவ அடமானத்தை மீட்கும் உரிமைக்கு, கடன் தீராதவரை காலவரம்பு ஓடத் தொடங்குவதில்லை என்று 2014-இல் சிங் ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. இது பஞ்சமி வழக்கு அல்ல, ஆனாலும் ஒத்திச் சீட்டு வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உதவும். அரசு நிலம் என்று பார்த்தால் காலவரம்பு 12 அல்ல, 30 ஆண்டு.

ஆந்திரம் 1977-இலும் கர்நாடகம் 1978-இலும் ஒப்படை நிலங்களைக் கைமாற்றுவதைத் தடுக்கத் தனிச் சட்டமே போட்டன. கர்நாடகச் சட்டம் செல்லும் என்று 1984-இல் மஞ்சே கவுடா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சமூக நீதியின் தொட்டில் என்று மேடைதோறும் பேசும் தமிழ்நாட்டில் அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. வருவாய் வாரிய நிலையாணையையும் அரசாணைகளையும் தூக்கிக்கொண்டு அலைகிறோம். மாறி மாறி ஆண்ட இரண்டு கட்சிகளும் இதற்குப் பதில் சொல்லட்டும். 1994 அக்டோபர் 10 அன்று காரணை பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் திரண்டவர்கள்மேல் துப்பாக்கிச்சூடு நடந்து ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரைக் கொடுத்தார்கள். சொத்துரிமைப் பாடத்தில் அவர்கள் பெயர் வராது.

உரிமையியல் வழக்கு மட்டும்தான் வழி என்று யாராவது சொன்னால், 2015 திருத்தத்துக்குப் பிந்தைய வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(எஃப்), 3(1)(ஜி) ஆகியவற்றை எடுத்துக் காட்டுங்கள். நம் நிலத்தை முறைகேடாக ஆக்கிரமிப்பதும் நம்மை அதிலிருந்து வெளியேற்றுவதும் குற்றம்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது சர்வே எண்ணோடு வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போங்கள். கணினிப் பட்டாவைக் காட்டி அனுப்பப் பார்ப்பார்கள். யு.டி.ஆருக்கு முந்தைய ஏ பதிவேட்டின் நகலையும் ஒப்படைப் பதிவேட்டின் நகலையும் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். பதிவேடு கரையான் அரித்துவிட்டது என்று பதில் வந்தால், அதையும் கையெழுத்தோடு எழுத்தில் வாங்கி வாருங்கள்.