படம் எடுத்தாயிற்று, பார்த்தது யார்?

வலிப்பு நோயாளர் இருக்கும் வீடுகளில், அது வெள்ளவத்தையானாலும் கொட்டாஞ்சேனையானாலும், ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கின்றேன். "எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்று, மூளையில் ஒன்றுமில்லையாம்." ஒன்றுமில்லையென்றால் வலிப்பு ஏன் வருகின்றது என்று எவரும் கேட்பதில்லை. மாத்திரை கூடுகின்றது, பிள்ளையின் படிப்பு நிற்கின்றது, மகளின் கலியாணப் பேச்சு குழம்புகின்றது.

இந்த வீடுகளுக்குத்தான் ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் உறவினர் செய்தித் துணுக்குகளை அனுப்புகின்றனர். மூளைப் படத்தைக் கணினியிடம் கொடுத்தால், சத்திரசிகிச்சை பலிக்குமா பலிக்காதா என்று முன்கூட்டியே சொல்லிவிடுமாம். சாதகக் கட்டுக்கு இருந்த மரியாதை இப்போது கணினிக்கு மாறியிருக்கின்றது.

அந்த ஆய்வுகள் பொய்யல்ல. மூளையின் நரம்பிழைப் பாதைகளைப் படமாக்கி, வெட்டியெடுக்கும் பகுதிக்கு அப்பாலும் பழுது பரவியிருக்கின்றதா என்று பார்க்கிறார்கள். நல்ல முயற்சியே. ஆனால் அவற்றில் இடம்பெற்றவர்கள் யார்? பெரும் மையங்களில் முறையாகப் படமெடுக்கப்பட்டு, சத்திரசிகிச்சைக்கு ஏற்றவர்கள் என்று முன்னரே தெரிவானவர்கள். நம்மவர் அந்த வாசற்படிக்கே வந்து சேரவில்லையே!

இரண்டு பொருத்தமான மருந்துகளை ஒழுங்காக எடுத்தும் வலிப்பு நிற்காவிட்டால், அது மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று சர்வதேச வலிப்பு எதிர்ப்புச் சங்கம் 2010இல் வரையறுத்தது. நோயாளரில் ஏறத்தாழ மூன்றிலொருவர் இந்த வகை. கனடாவில் நடத்தப்பட்டு 2001இல் வெளியான ஆய்வொன்றில், பொட்டுமடல் வலிப்புள்ள 80 பேரைச் சீட்டுக் குலுக்கியது போல இரண்டாகப் பிரித்தனர். ஓராண்டின் பின், நினைவு தடுமாறும் வலிப்பிலிருந்து விடுபட்டோர் சத்திரசிகிச்சைப் பிரிவில் 58 வீதம்; மருந்துப் பிரிவில் 8 வீதம். இதைவிடத் தெளிவாக ஒரு செய்தி வேண்டுமா?

அடுத்த ஆண்டே ஜேர்மனியின் பொன் நகரிலிருந்து இன்னோர் ஆய்வு வந்தது. சாதாரண முறையில் எடுத்த படத்தைச் சாதாரண நிபுணர் பார்த்தபோது 39 வீதப் பழுதுகளே தெரிந்தன. அதே படத்தை வலிப்புத் துறை அனுபவமுள்ளவர் பார்த்தபோது 50 வீதம். வலிப்புக்கென்றே எடுத்த படத்தை அவர் பார்த்தபோது 91 வீதம். நம் வீடுகளில் சொல்லப்படும் அந்த "ஒன்றுமில்லை"யின் பெறுமதி என்னவென்று வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

பணமில்லை, இயந்திரமில்லை என்ற சமாதானமும் எடுபடாது. மேற்படி சங்கம் 2019இல் பரிந்துரைத்த படமுறை, மூன்று வகைப் படங்களையே கேட்கின்றது, 1.5 ரெஸ்லா இயந்திரத்திலும் எடுக்கலாம். கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் வலிப்புக்கென்றே தனி நிலையமும் உண்டு. கடலுக்கு அப்பால், வேலூரில் ஜேக்கப் சாண்டி 1952இலேயே வலிப்புச் சத்திரசிகிச்சை செய்தார். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் 1995 முதல் முறையான திட்டமாகவே நடக்கின்றது. குறைவது இயந்திரமல்ல, படம் எடுக்குமாறு எழுதும் துண்டில் "வலிப்பு, எந்தப் பக்கத்தில் தொடங்குகின்றது" என்று ஒரு வரி எழுதும் பொறுப்பு. (கொல்லிமழவன் மகளின் முயலகன் நோயைத் தீர்த்தது சம்பந்தரின் பதிகம் என்று இன்றும் சொல்லி ஆறுதலடைகின்றோம். ஒரு வரி எழுதவும் பதிகம் பாட வேண்டுமோ?)

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1953இல் அமெரிக்காவில் ஓர் இளைஞனின் மூளையில் இருபுறமும் நினைவுப் பகுதி அகற்றப்பட்டது. வலிப்புக் குறைந்தது, ஆனால் புதிய நினைவுகளைச் சேர்க்கும் ஆற்றலை 2008இல் இறக்கும்வரை அவர் மீளப் பெறவில்லை. அதனாற்றான் இன்று வெட்டுமுன் மொழியையும் நினைவாற்றலையும் சோதிக்கிறார்கள். கொட்டாஞ்சேனைப் பிள்ளையிடம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ சொற்பட்டியலைக் கொடுத்துவிட்டு "நினைவாற்றல் குறைவு" என்று எழுதினால், அது மூளையின் குறையா, மொழியின் குறையா? அந்தத் தாளையும் படத்தோடு சேர்த்துக் கணினிக்கு ஊட்டினால், அது எதைக் கணித்துச் சொல்லும்? கணினிச் செய்தி அனுப்பும் உறவினர்கள் அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது, அந்தச் சோதனை தமிழில் நடந்ததா என்று மட்டுமாவது கேட்கட்டும்.