வீட்டில் கொரோனா நோயாளியைப் பார்த்துக்கொள்வோருக்கு ஒரு வேண்டுகோள்

சென்னை, மே 24, 2021

அன்புள்ள சென்னை மக்களுக்கு,

வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை பக்கம் கொரோனா வந்த வீடுகளுக்குச் சாப்பாடும் மாத்திரையும் கொண்டுபோய்க் கொடுக்கும் தன்னார்வலர்கள் நாங்கள். ஓய்வு பெற்ற நர்சுகள், ஆட்டோ ஓட்டுநர்கள், கல்லூரிப் பிள்ளைகள் எல்லாரும் எங்களில் இருக்கிறார்கள். இன்று முதல் தளர்வில்லாத முழு ஊரடங்கு. போன வெள்ளிக்கிழமை ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானது. இவர்களில் பெரும்பாலோர் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டார்கள், போகவும் தேவையில்லை. வீட்டில்தான் படுத்திருப்பார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ளப்போகும் மனைவிக்கும் மகனுக்கும் மருமகளுக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும்தான் இதை எழுதுகிறோம்.

நாங்கள் போகிற வீடுகளில் திரும்பத் திரும்ப ஒன்றைப் பார்க்கிறோம். பணமும் நேரமும் மருந்து தேடுவதிலேயே போகின்றன. யாருக்கோ போன் போட்டு ஊசிக்குச் சொல்லி வைக்கிறார்கள், வாட்ஸ்அப்பில் வந்த மாத்திரைச் சீட்டை மெடிக்கலில் காட்டி வாங்குகிறார்கள், ஸ்கேன் எடுக்க ஓடுகிறார்கள். நோயாளிக்கு நேற்று ராத்திரி ஆக்சிஜன் எவ்வளவு இருந்தது என்று கேட்டால் பதில் இல்லை. இந்த நோயில் உயிர் போவதும் பிழைப்பதும் பல நேரம் அந்தப் பதிலில்தான் இருக்கிறது. வீட்டில் இருப்பவருக்குக் கொடுத்தால் கொரோனாவையே விரட்டிவிடும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்து இன்றைய தேதியில் எதுவும் இல்லை. நிலைமை மோசமானால் சரியான நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனவர்களைக் காப்பாற்ற வழிகள் உண்டு. அந்த நேரத்தைக் கண்டுபிடிப்பதுதான் வீட்டில் இருப்பவர்களின் பெரிய வேலை.

அதற்கு முதலில் நாள் கணக்கு வேண்டும். டெஸ்ட் ரிசல்ட் வந்த நாளிலிருந்து எண்ணாதீர்கள். காய்ச்சலோ, தொண்டை வலியோ, உடம்பு வலியோ முதலில் தெரிந்த நாள்தான் முதல் நாள். பலருக்கு நாலைந்து நாளில் காய்ச்சல் விட்டுவிடும், சரியாகிவிட்டது என்று வீட்டில் எல்லாரும் நிம்மதியாக இருப்பார்கள். ஆனால் ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரைதான் நுரையீரல் பாதிப்பு பெரும்பாலும் தலைகாட்டுகிறது. அந்த நாட்களில்தான் கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும்.

ஒரு பழைய நோட்டு போதும். காலை, மதியம், மாலை, இரவு என நான்கு வேளையும் காய்ச்சலையும் ஆக்சிஜன் அளவையும் எழுதுங்கள். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரைச் சரியாக வைக்காவிட்டால் எண் தப்பாகக் காட்டும். நோயாளி ஐந்து நிமிடமாவது ஓய்வாக உட்கார்ந்திருக்க வேண்டும், கை சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்க வேண்டும். நகப்பூச்சோ மருதாணியோ இல்லாத விரலில் மாட்டி, எண் ஆடாமல் நிற்கும் வரை ஒரு நிமிடம் காத்திருந்து, பிறகு எழுதுங்கள். 95-க்கு மேல் இருந்தால் நல்லது. 94-க்குக் கீழே இறங்கினால், நோயாளி எவ்வளவு தெம்பாகப் பேசிக்கொண்டிருந்தாலும், வீட்டில் வைத்திருக்கக் கூடாது. 90 முதல் 93 வரை இருப்பதை மிதமான பாதிப்பு என்றும், 90-க்குக் கீழே போனால் தீவிரப் பாதிப்பு என்றும் மத்திய சுகாதாரத் துறையின் வழிகாட்டுதல் பிரிக்கிறது. இந்த நோயில் மூச்சுத் திணறலே தெரியாமல் ஆக்சிஜன் இறங்குவது உண்டு. "எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்று பெரியவர்கள் சொல்வதை இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நம்பாதீர்கள்.

ஓய்வில் எண் நன்றாக இருந்தாலும், இதய நோயோ ஆஸ்துமாவோ இல்லாதவர் என்றால், அறைக்குள்ளேயே ஆறு நிமிடம் நடக்கச் சொல்லிவிட்டு மறுபடி பாருங்கள். வயதானவருக்கு மூன்று நிமிடம் போதும். நடந்த பிறகு எண் 94-க்குக் கீழே வந்தாலும், முன்பு இருந்ததைவிட மூன்று நான்கு புள்ளி குறைந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் பேசுங்கள்.

ஆக்சிமீட்டர் எல்லா வீட்டிலும் இல்லை, கடைகளில் சொல்லும் விலைக்கு எல்லாராலும் வாங்கவும் முடியாது. அது இல்லாதவர்கள் மூச்சை எண்ணலாம். நோயாளி அறியாதபடி அவர் மார்பு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 24-ஐத் தாண்டினால் ஆபத்து. ஒரு முழு வாக்கியம் பேச முடியாமல் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்குவது, உதடு நீலம் பாய்வது, நெஞ்சில் அழுத்தம், ஐந்து நாளுக்கு மேல் விடாத கடும் காய்ச்சல், குழப்பமான பேச்சு, எழுப்பினாலும் எழாத தூக்கம் ஆகியவை தெரிந்தால் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதே இல்லை, கிளம்பிவிடுங்கள். எழுபது வயதுக்காரர் திடீரென்று சாப்பாடு வேண்டாம் என்று சுருண்டு படுத்தால் அதையும் அசதி என்று விட்டுவிடாதீர்கள்.

இனி மருந்துகளைப் பற்றி. இதை விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் கடைசியில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் ரெம்டெசிவிர் ஊசி விற்பனை தொடங்கியபோது வெளியூர்களிலிருந்தெல்லாம் ஜனம் வந்து வரிசையில் நின்றது. நேரு ஸ்டேடியத்துக்கு மாற்றிய பிறகும் அதே கூட்டம். இப்போது அந்த விற்பனை நிறுத்தப்பட்டு, மருந்து நேராக ஆஸ்பத்திரிகளுக்கே போகிறது. அந்த வரிசையில் நின்றவர்களின் தவிப்பு எங்களுக்குப் புரியும். ஆனால் அந்த ஊசி உயிரைக் காப்பாற்றும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லிவிட்டது. ஆக்சிஜன் வைக்கப்பட்டிருக்கும் சிலருக்கு, ஆஸ்பத்திரியில், மருத்துவர் முடிவெடுத்துப் போடலாம் என்பதுதான் நம் நாட்டு வழிகாட்டுதல். வீட்டில் வைத்து அதைப் போடவே கூடாது. கள்ளச் சந்தையில் நகையை அடகு வைத்து வாங்காதீர்கள், தயவு செய்து.

குணமானவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்துப் போடும் பிளாஸ்மாவும் அப்படித்தான். நம் நாட்டில் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில் அது நோய் தீவிரமாவதையோ சாவையோ தடுக்கவில்லை. போன வாரம், மே 17 அன்று, சிகிச்சைப் பட்டியலிலிருந்தே அதை எடுத்துவிட்டார்கள். இன்னும் பிளாஸ்மா கேட்டு வரும் செய்திகளைப் பத்துக் குழுக்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

எங்களை மிகவும் பயமுறுத்துவது ஸ்டீராய்டு. டெக்சாமெதசோன் விலை மலிவான மாத்திரை, கொரோனாவில் உண்மையாகவே உயிர் காத்த மருந்து. 2020 ஜூனில் பிரிட்டன் ஆய்வு வெளியானபோது, வென்டிலேட்டரில் இருந்தவர்களில் சாவு மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களில் ஐந்தில் ஒரு பங்கும் குறைந்தது தெரிந்தது. அதே ஆய்வில், ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு எந்தப் பலனும் இல்லை, கெடுதல் நேர்ந்திருக்கவும் கூடும் என்று தெரிந்தது. முதல் வாரத்தில் உடம்பு கிருமியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும். அப்போது ஸ்டீராய்டு கொடுத்தால் சண்டை போடும் சக்தியைத்தான் அடக்குகிறோம். சர்க்கரையும் எகிறும். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையும் தேவைக்கு மீறிய ஸ்டீராய்டும் சேரும் இடத்தில்தான் கருப்புப் பூஞ்சை நோய் அதிகம் பிடிக்கிறது. தமிழக அரசு அதைக் கட்டாயம் தெரிவிக்கப்பட வேண்டிய நோயாக நான்கு நாளுக்கு முன்புதான் அறிவித்தது. இரண்டாம் நாள் காய்ச்சலுக்கு மெடிக்கல் கடைக்காரர் கொடுத்தார் என்று டெக்சா போடும் வீடுகளை நாங்கள் பார்க்கிறோம். மருத்துவர் நேரில் பார்த்தோ போனில் விசாரித்தோ எழுதித் தராமல் ஒரு மாத்திரைகூடப் போடாதீர்கள். கடைக்காரர்களே, உங்களிடமும் கேட்கிறோம், சீட்டு இல்லாமல் அதைக் கொடுக்காதீர்கள்.

அசித்ரோமைசின், டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் வீட்டு நோயாளிகளைச் சீக்கிரம் குணமாக்குவதில்லை என்று பிரிட்டனில் நடந்த ஆய்வு சொல்கிறது. பிறகு என்னதான் கொடுப்பது? காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் பாரசிட்டமால். பெரியவர்களுக்கு 650 மில்லிகிராம் மாத்திரை ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, ஒரு நாளில் நான்குக்கு மேல் வேண்டாம். ஈரல் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுப் போடுங்கள். ஐந்து நாளுக்குப் பிறகும் காய்ச்சலும் இருமலும் விடாவிட்டால், உறிஞ்சும் மருந்தாகிய புடசொனைடை மருத்துவர் எழுதித் தரலாம், அரசின் வழிகாட்டுதலில் அது இருக்கிறது. பிரஷர், சர்க்கரை, இதய மாத்திரைகளை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. கஞ்சி, ரசம், மோர், இளநீர், உப்பு சர்க்கரைக் கரைசல் எதுவானாலும் வாய்க்குப் பிடித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், சர்க்கரை நோயாளிக்கு இனிப்பில் மட்டும் கவனம். வாசனை தெரியாமல் நாக்கு செத்துப்போய் இருக்கிறவரைச் சாப்பிட வைப்பதற்கு மிகுந்த பொறுமை வேண்டும்.

கபசுரக் குடிநீர் குடிப்பவர்கள் குடியுங்கள், அரசே கொடுக்கிறது. எண் 92 காட்டும்போது இன்னும் ஒரு டம்ளர் கொடுத்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். ஆவி பிடிப்பது கிருமியைக் கொல்லாது, கொதிநீர் கொட்டிச் சூடு பட்டவர்கள்தான் உண்டு. பொது இடங்களில் கூட்டமாக ஆவி பிடிக்க வேண்டாம் என்று சுகாதாரத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியனே கேட்டுக்கொண்டிருக்கிறார். லேசான நோய்க்கு சி.டி. ஸ்கேன் தேவையில்லை என்று டெல்லி எய்ம்ஸ் இயக்குநர் மே 3 அன்று சொன்னார். ஸ்கேன் மையத்து வரிசையில் நின்று நோயை வாங்கிவராதீர்கள், கொடுத்துவிட்டும் வராதீர்கள்.

ஆக்சிஜன் 94-க்குக் கீழே வந்து ஆஸ்பத்திரிப் படுக்கைக்குக் காத்திருக்கும் நேரத்தில் செய்ய ஒன்று உண்டு. நோயாளியைக் குப்புறப் படுக்க வையுங்கள். கழுத்துக்குக் கீழே ஒரு தலையணை, மார்பிலிருந்து தொடை வரை ஒன்றோ இரண்டோ, முழங்காலுக்குக் கீழே இரண்டு. அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை அவரால் முடிந்த மட்டும் அப்படி இருக்கட்டும். பிறகு வலப்பக்கம், பிறகு சாய்ந்து உட்காருவது, பிறகு இடப்பக்கம், மறுபடி குப்புற. சாப்பிட்டு ஒரு மணி நேரம் வரை இதைச் செய்யக் கூடாது. கர்ப்பிணிகளும், கடுமையான இதய நோயோ முதுகெலும்பு, இடுப்பு எலும்பு முறிவோ உள்ளவர்களும் செய்யவே கூடாது. இது பல பேருக்கு எண்ணை ஏற்றுகிறது. ஏறிவிட்டதே என்று பயணத்தை நிறுத்திவிடாதீர்கள். வாடகைக்கு எடுத்த ஆக்சிஜன் இயந்திரமும் வழியில் தாங்குவதற்குத்தான், அதை நம்பி வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது.

108-க்கு அழையுங்கள். படுக்கைக்கும் ஆலோசனைக்கும் 104. ஆதார், டெஸ்ட் ரிசல்ட், சாப்பிடும் மாத்திரைகள், போன் சார்ஜர், அந்த நோட்டு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் முதல் நாளே போட்டு வையுங்கள். காப்பீட்டு அட்டை உள்ளவர்களுக்குத் தனியார் ஆஸ்பத்திரியில் கொரோனா சிகிச்சைச் செலவை அரசு ஏற்கும் என்று மே 7-ஆம் தேதி ஆணை வந்திருக்கிறது. இது தெரியாமல் கடன் வாங்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன.

பார்த்துக்கொள்பவரும் பிழைக்க வேண்டும். முடிந்தால் ஒரே ஒருவர், நோய்நொடி இல்லாதவர், பார்த்துக்கொள்ளட்டும். அறைக்குள் இருவருமே முகக்கவசம் போட்டிருக்க வேண்டும், பார்த்துக்கொள்பவர் என்95 போட்டால் நல்லது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். கிருமி காற்றில் பத்து மீட்டர் வரைகூடப் போகலாம் என்று மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் போன வாரம் எச்சரித்தது. பாத்திரத்தையும் துணியையும் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். அறிகுறி தொடங்கிப் பத்து நாள் ஆகி, கடைசி மூன்று நாள் காய்ச்சல் இல்லாவிட்டால் தனிமையை முடித்துக்கொள்ளலாம், மறுபடி டெஸ்ட் எடுக்க வேண்டியதில்லை.

ஒற்றை அறையில் ஆறு பேர் இருக்கும் வீட்டிலும், ஒரு தளத்துக்கே ஒரு கழிப்பறை உள்ள குடியிருப்பிலும் இதெல்லாம் எப்படி நடக்கும் என்று கேட்பீர்கள். நடக்காது. அங்கே நோய் வந்தவர்கள் மாநகராட்சியின் கொரோனா பராமரிப்பு மையத்துக்குப் போவதுதான் சரி. போகத் தயங்குவதற்குக் காரணமும் எங்களுக்குத் தெரியும். போன வருடம் இந்த ஊரில் நோய் வந்த வீடுகளின் வாசலில் தகரம் அடித்தார்கள். அந்த அவமானத்தை மக்கள் இன்னும் மறக்கவில்லை, அதனால்தான் காய்ச்சலை மறைக்கிறார்கள். வீட்டு உரிமையாளர்களும் அக்கம்பக்கத்தினரும் மனது வைத்தால் இது மாறும். காய்ச்சல் என்று சொல்கிறவரிடம் "எப்ப காலி பண்றீங்க" என்று கேட்காதீர்கள். சாப்பாடு வேண்டுமா என்று கேளுங்கள்.

தனியாக இருக்கும் முதியவர்கள் உங்கள் தெருவில் யார் யார் என்று இன்றைக்கே கணக்கெடுங்கள். ஆளுக்கு ஒரு வீடு என்று பிரித்துக்கொண்டு காலையும் இரவும் போன் செய்து ஆக்சிஜன் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குணமானவர்கள் ஆக்சிமீட்டரைப் பீரோவில் பூட்டி வைக்காமல், துடைத்துச் சுத்தம் செய்து, அடுத்து நோய் வந்த வீட்டுக்கு இரவல் கொடுங்கள்.

இப்படிக்கு,
வடசென்னைத் தெருக்களின் தன்னார்வலர்கள்