பழைய ரிவால்வரும் அதற்குரிய தோட்டாவும்

அமெரிக்காவில் குறிசுடுதலைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள், தோட்டாவின் விலை குறைவு, சுடும்போது கையில் படும் உதைப்பும் குறைவு என்பதால், .22 அங்குல விளிம்புவெடி ரிவால்வர்களைப் பழைய பொருள் சந்தைகளிலும் துப்பாக்கிக் கடைகளின் ஓரத் தட்டுகளிலும் தேடி வாங்குவது நெடுநாள் வழக்கம். வாங்கியவர் முதலில் கேட்பது இதைச் செய்தவர் யார், இது என்ன விலை பெறும் என்பதாகத்தான் பெரும்பாலும் இருக்கிறது. ஆனால் சுடுவதற்கென்றே வாங்கப்பட்ட கருவியைப் பொறுத்தவரை இவ்விரண்டுக்கும் முன்னால் நிற்க வேண்டிய கேள்வி, அது எந்த ஆண்டுகளில், எந்தத் தோட்டாவுக்காகச் செய்யப்பட்டது என்பதே; ஏனெனில் அதன் விடையைக் கொண்டுதான் அதைச் சுடலாமா கூடாதா என்பது முடிவாகிறது.

விளிம்புவெடித் தோட்டா என்பது, அடியில் மடிந்து நிற்கும் வளையத்துக்குள் தீமூட்டும் கலவை பூசப்பட்ட மெல்லிய உலோக உறையாகும். துப்பாக்கியின் ஊசி அந்த வளையத்தை நசுக்கும்போது கலவை பற்றி, உள்ளிருக்கும் மருந்தை எரித்துக் குண்டைத் தள்ளுகிறது. நசுங்குவதற்கு ஏற்ப உறை மெல்லியதாக இருந்தாக வேண்டும் என்பதால் அது தாங்கும் அழுத்தத்துக்கு எல்லை உண்டு. பழைய ரிவால்வரின் நலக்கேடுகளில் பல இந்த மெல்லிய உறையிலிருந்தே தொடங்குகின்றன.

பிரான்சில் ஃப்ளோபேர் என்பவர் 1845இல் உருவாக்கிய சிறு தோட்டாவின் வழிவந்த .22 ஷார்ட் என்னும் குறுந்தோட்டாவை, ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனம் 1857இல் தன் ஏழு குண்டு ரிவால்வருடன் சந்தைக்குக் கொண்டுவந்தது. உருளையின் அறைகளை முன்னிருந்து பின்வரை முழுவதும் துளைத்துத் தோட்டாவைப் பின்புறமாக நுழைக்கும் அமைப்புக்கு ரோலின் வைட் என்பவர் 1855 ஏப்ரல் 3இல் காப்புரிமை பெற்றிருந்தார்; அந்நிறுவனம் ஒரு ரிவால்வருக்கு 25 சென்ட் கொடுத்து அதைப் பயன்படுத்தியது. இதனால் விளைந்த குழப்பம் இன்றும் தீரவில்லை. உருளையில் பொறித்துள்ள 1855 என்பதைச் செய்த ஆண்டாகக் கொள்பவர்கள் பலர். அது காப்புரிமை நாள் மட்டுமே. அவ்வுரிமையை மீறிச் செய்து வழக்கில் தோற்றவர்களின் ரிவால்வர்கள் சில, ஸ்மித் அண்ட் வெசனுக்காகச் செய்யப்பட்டவை என்ற பொறிப்புடன் விற்கப்பட்டன. வூஸ்டர் நகரத்து லூசியஸ் பாண்ட் செய்தவை அவற்றுள் அடங்கும். ஆகவே புகழ்பெற்ற பெயர் ஒன்று உலோகத்தில் இருப்பதால் மட்டும் கருவி அந்தப் பட்டறையில் பிறந்தது என்று கொள்ள இயலாது. காப்புரிமை 1869இல் காலாவதியானதும், செய்தவர் பெயரே இல்லாமல், கவர்ச்சியான வணிகப் பெயரை மட்டும் தாங்கிய மலிவான பைத்துப்பாக்கிகள் பெருகின; விசையைச் சுற்றிக் காப்பு வளையம் இல்லாத அவற்றைச் சேகரிக்கலாம், சுடுவது தகாது.

தோட்டாவின் நீளம் அடுத்த சான்று. 1857இன் ஷார்ட் தோட்டாவில் குண்டின் எடை ஏறக்குறைய 29 கிரெய்ன், அதாவது இரண்டு கிராமுக்குச் சற்றுக் குறைவு. 1871இல் உறை நீண்டு லாங் தோட்டா வந்தது. 1887இல் அந்த நீள உறையில் 40 கிரெய்ன் குண்டைப் பொருத்திய லாங் ரைஃபிள் தோட்டா பிறந்தது, இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் அதுவே. மூன்றுக்கும் விட்டம் ஒன்றே என்பதால், ஷார்ட்டுக்காகச் செய்த அறைக்குள்ளும் நீண்ட தோட்டா நுழையப் பார்க்கும், குண்டின் முனை உருளைக்கு வெளியே நீட்டி நின்று சுழற்சியைத் தடுக்கும். சில வேளைகளில் அறையை யாரேனும் பின்னாளில் குடைந்து நீட்டியிருப்பார்கள். அதனால் தோட்டா சரியாக அமர்கிறது என்பது தானே ஒரு சான்றாகாது. தொடக்ககாலத் தோட்டாக்களில் இருந்தது கருமருந்து. புகையற்ற மருந்தின் அழுத்தத்தை எதிர்பாராத இரும்பில் இன்றைய தோட்டாவைப் போடுவது அறிவுடைமை ஆகாது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் இரண்டு நிறுவனங்கள் இங்கே நல்ல பாடமாக அமைகின்றன. ஃபிட்ச்பர்க் நகரத்து ஐவர் ஜான்சன், நடுவில் மடிந்து திறக்கும் தன் ரிவால்வரை 1909 அளவில் புகையற்ற மருந்துக்கு ஏற்றவாறு மாற்றியமைத்தபோது, தட்டை விசைவில்லுக்குப் பதிலாகச் சுருள்வில்லை வைத்தது. கைப்பிடியில் உள்ள ஆந்தைத் தலை எந்தப் பக்கம் நோக்குகிறது என்பதைக் கொண்டே இரு தலைமுறைகளைப் பிரிப்பவர்கள் உண்டு. ஆனால் கைப்பிடித் தகடு ஒரே திருகில் கழன்றுவிடும் என்பதால், அதைக் கழற்றி உள்ளிருக்கும் வில்லைப் பார்ப்பதே நம்பத்தக்க சோதனை. வூஸ்டரின் ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன் நிறுவனமோ 1940 முதல் வரிசை எண்ணின் முன் ஓர் ஆங்கில எழுத்தை இட்டது. ‘ஏ’ என்றால் 1940, ‘பி’ என்றால் 1941 என்று அது தொடர்கிறது. அந்நிறுவனத்தின் ஒன்பது குண்டு கொண்ட 922 மாதிரி எழுத்தின்றிக் கிடைத்தால் அது இரண்டாம் உலகப் போருக்கு முற்பட்டது என்று கொள்ள நல்ல இடம் உண்டு.

போருக்கு முந்தையது என்பது வெறும் பழமைச் செய்தி அன்று. 1930இல் உயர்வேகத் தோட்டாக்கள் விற்பனைக்கு வந்தபின், உறையின் விளிம்பு கிழிந்தால் வாயு சுடுபவரின் கையிலும் முகத்திலும் பாயாதபடி, ஒவ்வோர் அறையின் வாயிலும் விளிம்பு புதைந்து அமரும் பள்ளத்தை உற்பத்தியாளர்கள் கடையத் தொடங்கினர். உருளையின் பின்முகம் தட்டையாக இருந்து தோட்டா விளிம்புகள் வெளியே தெரியுமானால், அந்த ரிவால்வர் உயர்வேகத் தோட்டாவுக்கு உரியது அன்று; சாதாரண வேகத் தோட்டாவோடு அது நிறைவு கொள்ள வேண்டும். இந்த ஒரு பார்வை வரிசை எண் பட்டியல்கள் அனைத்தையும்விடப் பயனுள்ளது.

வரிசை எண்ணே இல்லாமல் இருப்பதும் வியப்பன்று, ஏனெனில் எல்லாத் துப்பாக்கிகளுக்கும் எண் கட்டாயமானது 1968ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டத்தால்தான். எண் இருந்து அராவி அழிக்கப்பட்ட தடம் தெரிந்தால் மட்டும் அதை வைத்திருப்பதே குற்றமாகும். விலை பேசும் முன்பே விலகிவிட வேண்டும்.

இயக்கத்தைச் சோதிக்கும் முன் எல்லா அறைகளும் காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்வது முதல் கடன். அதன்பின் உருளையை விரலால் மெல்லத் தடுத்துக்கொண்டு சுத்தியலை மெதுவாகப் பின்னிழுத்தால், சுத்தியல் முழுமையாக நிற்பதற்கு முன்பே பூட்டுமுனை உருளையின் வெட்டில் விழுந்திருக்க வேண்டும். இல்லையேல் அறையும் குழலும் நேர்கோட்டில் நில்லாமல் குண்டின் ஈயம் சீவப்பட்டுப் பக்கவாட்டில் தெறிக்கும். ஓர் அறை சரியாக நின்றதால் மற்றவை நிற்கும் என்று கருதலாகாது, எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். விசையை அழுத்திப் பிடித்த நிலையில் உருளை சிறிது அசையலாம், தளர்ந்து ஆடலாகாது. உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள வெளியை மெல்லிய அளவுத் தகடுகளால் அளந்தால் 0.004 முதல் 0.008 அங்குலம் வரை இருப்பது நல்லது, 0.010ஐத் தாண்டினால் தேய்மானம் பேசத் தொடங்கிவிட்டது. மடிந்து திறக்கும் வகையில் கீலும் மேல்தாழும் தளர்ந்திருக்கின்றனவா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தோட்டா இல்லாமல் விசையை இழுத்து விளையாடுவது விளிம்புவெடித் துப்பாக்கிக்குப் பெருந்தீங்கு. அங்கே ஊசி மோதுவது அறையின் உதட்டில். அடிபட்ட உதடு உட்புறம் பிதுங்கித் தோட்டாவை முழுமையாக அமரவிடாது. நல்ல துப்பாக்கிக் கம்மியர் இதைச் சரிசெய்வார். அறையின் உள்ளே தோட்டா சிக்கினால் எப்போதும் அதுவே காரணம் என்று கொள்ள வேண்டியதில்லை: முன்பிருந்தவர் நெடுங்காலம் ஷார்ட் தோட்டாக்களைச் சுட்டிருந்தால் அறையின் நடுவில் கரியும் ஈயமும் வளையமாக இறுகியிருக்கும், துப்புரவே போதும். குழலுக்குள் காணும் அரிப்பு, 1920களின் இறுதிக்கு முன் வழங்கிய தீமூட்டும் கலவை விட்டுச்சென்ற உப்பின் வேலை. இலேசானது துல்லியத்தைப் பெரிதும் கெடுப்பதில்லை. குழலிலோ அறையிலோ புடைப்பு இருந்தால் அந்தக் கருவி சுடுவதற்கு முடிந்துபோனது.

விலையைச் சுருக்கமாகவே சொல்லலாம். மங்கிய எழுத்துகளும் மழுங்கிய ஓரங்களும் குழிந்த திருகுத் துளைகளும் மறுமெருகின் அடையாளங்கள். சேகரிப்பாளர் அதைக் கண்டு விலகுவார், சுடுபவருக்கு அதுவே பேரம் பேச உதவும். பழைய நீலப்பூச்சு தேய்ந்திருந்தாலும் அதைப் புதுப்பிக்க முற்படுவது கருவியின் வரலாற்றை அழிப்பதே ஆகும்.

இறுதிச் சோதனை குறிசுடும் களத்தில், கண்ணாடி அணிந்து, சாதாரண வேகத் தோட்டாவுடன், கையைத் தாங்கலில் ஊன்றி நடக்க வேண்டும். சுத்தியல் தாழ்ந்த நிலையில் ஊசி தோட்டா விளிம்பின்மேல் படியும் பழைய அமைப்பாயின் அதன் கீழ் ஓர் அறையைக் காலியாக விடுவது கட்டாயம். வெடிக்காத தோட்டாவை அரை நிமிடமாவது குறியை நோக்கியே பிடித்திருந்து பிறகு எடுத்து, வேறு கோணத்தில் திருப்பி மீண்டும் போட்டுச் சுட்டால் வெடிக்குமானால், குறை கலவை சீராகப் பரவாத அந்தத் தோட்டாவினுடையது. ஒரே அறையில் மட்டும் மீண்டும் மீண்டும் தவறினால் அந்த அறையின் உதட்டைப் பார்க்க வேண்டும். எல்லா அறைகளிலும் ஊசித் தடம் ஆழமின்றி இருந்தால் வில்லோ ஊசியோ களைத்திருக்கிறது. சுட்ட உறைகளை அறை வரிசைப்படி எடுத்துவைத்து, விளிம்பில் கிழிசலோ வீக்கமோ உண்டா என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பின்னரே இரண்டாம் முறை உருளையை நிரப்ப வேண்டும்.