காலுக்கு எத்தனை வாட்?

ஃபைனல் இயர் புராஜெக்ட் லிஸ்ட்டில் வருஷம் தவறாமல் ஒரு தலைப்பு இருக்கும்: சைக்கிள் மிதித்து செல்போன் சார்ஜ் செய்தல். எக்ஸ்டர்னல் வருவார், ஒருத்தன் மிதிப்பான், போனில் பேட்டரிச் சின்னம் ஓடும், மார்க் விழும். மறுநாள் அந்த ஸ்டாண்டு லேப் மூலைக்குப் போய்விடும். அது மூலைக்குப் போகிற சரக்கு இல்லை என்பதே என் கட்சி.

"ஏலே, வேலையத்த வேலை! சோலார் இருக்கப்ப எவம்ல மிதிப்பான்?" என்றான் மெக்கானிக்கல் நண்பன். அவனுக்கு 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை ஞாபகப்படுத்தினேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரை மீறியது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் சுமார் 800 பயணிகளோடு ரயில் சிக்கிக்கொண்டது. ஆற்றோர ஊர்களில் கரண்டும் இல்லை, போனும் இல்லை. வானம் கறுத்துக் கிடக்கும்போது சோலார் என்ன செய்யும்? பாபநாசத்தில் தண்ணீரிலும் கூடங்குளத்தில் அணுவிலும் மின்சாரம் எடுக்கிற சீமை இது. போஸ்ட் சாய்ந்தால் ஒரு பல்புக்கும் வழியில்லை!

சரி, மிதித்தால் எவ்வளவு வரும்? கணக்கில் ஏமாற்றக் கூடாது. சைக்கிள் டைனமோ 6 வோல்ட், 3 வாட். ரெக்டிஃபையர், ரெகுலேட்டர் நஷ்டம் போக 2 வாட் மிஞ்சினால் அதிகம். 5000 எம்ஏஎச் போன் பேட்டரி கொள்வது சுமார் 19 வாட்-ஹவர். ஆக, பத்து மணி நேரம். மணிக்கு 15 கி.மீ. வேகமென்றால் வண்ணாரப்பேட்டையில் மிதிக்க ஆரம்பித்தவன் மதுரையில்தான் இறங்குவான். 1000 எம்ஏஎச் பட்டன் போன் என்றால் இரண்டே மணி நேரம், ஸ்ரீவைகுண்டத்தோடு முடிந்துவிடும்.

காலைக் குறை சொல்ல முடியாது. சாதாரண ஆள் ஒரு மணி நேரம் விடாமல் 75 வாட் தள்ளுவான். ஏற்றம் மிதித்து வயலுக்கு இறைத்த வம்சம் நம்முடையது. கஞ்சம் டைனமோவிடம்தான். அதைக் கழற்றிவிட்டு, நிரந்தரக் காந்த டிசி மோட்டாரைப் பெல்ட் போட்டு ஜெனரேட்டராக ஓட்டினால் 40 வாட் எடுக்கலாம். நேரே போனுக்குக் கொடுக்காமல் 12 வோல்ட் பைக் பேட்டரிக்குக் கொடுக்கணும். (நடுவில் டயோடு மறந்திராதீங்க. மறந்தால் பேட்டரி மோட்டாரைச் சுற்ற ஆரம்பித்துவிடும். எங்க செட்டுக்கு அனுபவம் உண்டு!)

வெள்ள முகாமில் முப்பது பேர் ஆளுக்குப் பத்து நிமிஷம் மிதித்தால் ஐந்து மணி நேரம், 200 வாட்-ஹவர். நஷ்டம் போக 150. முப்பது போனிலும் கால்வாசி சார்ஜ் ஏறிவிடும். "மகனே, உயிரோட இருக்கேன்" என்று சொல்ல அது போதாதா?

டவரே படுத்துவிட்டால்? அப்போது ஒரு எல்இடி விளக்கும் ஒரு டிரான்சிஸ்டரும் ஓடட்டும். இரண்டும் சேர்ந்து 5 வாட்கூடத் தின்னாது.

யூனியனுக்கு என் யோசனை இது. மூலையில் கிடக்கிற ஸ்டாண்டுகளைத் தூசி தட்டி, மோட்டார் மாற்றி, ஆற்றோரப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுப்போம். தண்ணி வந்தால் ஜனங்கள் ஒதுங்குகிற இடம் அதுதான். ஐப்பசிக்கு முன்னாடி முடிக்கணும். முதல் மோட்டாருக்கான காசை எங்க செட்டே போடுகிறோம்.